செயின் கழண்ட கதை

கனநாளாக இந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். செயின்.

சின்னவனுக்கு 10 வயது. போன வருடம் பிறந்தநாளுக்கு அவனுடைய சிநேகிதன் ஒருவனோடு கார்ட் ஓடப் போய்விட்டு வந்தான். அன்றிலிருந்து வீட்டில் வேறு கதையே இல்லை. கார்ட் என்றால் கூரையும் கதவும் இல்லாத குட்டிக் கார். நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கை. ஸ்பிரிங் கிடையாது, கியர் கிடையாது. லூயிஸ் ஹமில்ற்றன் 8 வயதில் இதில்தான் தொடங்கினார் என்பதை எனக்கு ஒரு நாளைக்கு மூன்று தரம் சொன்னான். அந்த மனிசனின் தகப்பன் மகனின் ஓட்டத்துக்காக ஒரே நேரத்தில் பல வேலை செய்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னான். அதற்குள் எனக்கு ஒரு செய்தி இருந்தது என்பது விளங்கியது.

நான் உணவகத்தில் வேலை செய்கிறவன். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது குசினியில் இரண்டாவது ஆளாக நிற்கிறேன். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது மற்றவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை. முதலாளியிடம் கெஞ்சி மாதத்தில் ஒரு ஞாயிறு வாங்கினேன். 700 பவுண்ஸுக்கு ஒரு பழைய கார்ட் வாங்கினேன். 8 முதல் 13 வயதுப் பிள்ளைகள் ஓடுகிற வகை, ஹொண்டா ஜிஎக்ஸ் 160 எஞ்சின். அந்த எஞ்சினைப் பார்த்தவுடனேயே எனக்கு ஊர் வந்துவிட்டது. எங்கள் தோட்டங்களில் தண்ணி இறைத்தது இதே குடும்பத்து மிசின்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். 'இதென்ன பெரிய விசயம், எனக்குத் தெரியாத எஞ்சினா' என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

எஞ்சின் ஒரு நாளும் கரைச்சல் தரவில்லை. தந்தது செயின்.

கார்ட்டில் வேலை இப்படி நடக்கும். எஞ்சினுக்கு ஒரு கிளச், அதன் முகத்தில் ஒரு சின்னப் பல்லுச் சில்லு. பின் அச்சில் ஒரு பெரிய பல்லுச் சில்லு. இரண்டுக்கும் நடுவில் செயின். எங்களுடையதில் முன்னுக்கு 18 பல்லு, பின்னுக்கு 72. எஞ்சின் நாலு சுற்றுச் சுற்றினால் ரயர் ஒரு சுற்று. சைக்கிளுக்கு நேர்மாறு. சைக்கிளில் பெரியது மிதிக்கிற இடத்தில், சின்னது பின் சில்லில். இங்கே முன்னுக்கு ஒரு பல்லுக் கூட்டுவது பின்னுக்கு நாலு பல்லுக் குறைப்பதற்குச் சமன். நீண்ட நேர்ப்பாதை இருக்கிற இடத்தில் வேகம் வேண்டுமென்று பின்னுக்குக் குறைப்பார்கள், வளைவு கூடின இடத்தில் இழுவை வேண்டுமென்று கூட்டுவார்கள்.

முதல் தரம் செயின் கழண்டது கென்ற் பக்கம் ஒரு ஓடுபாதையில், பயிற்சி நாளில். நீண்ட வலப்பக்க வளைவில் ஒரு சத்தம், அதோடு இழுவை இல்லை. பிரேக் பின் அச்சிலேயே இருப்பதால் செயின் போனாலும் நிற்க முடியும். சின்னவன் உருட்டிக்கொண்டு ஓரமாய் வந்து கையைத் தூக்கினான்.

செயினைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கார்ட்டுக்கு இங்கே பாவிப்பது 219 என்ற செயின். ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடை 7.775 மில்லிமீற்றர். சைக்கிள் செயினில் அது 12.7, அதாவது அரை அங்குலம். சில கார்ட்டுகளுக்கு 35 என்ற இன்னொரு செயின் வரும். அதன் இடை 9.525. ஒன்றின் செயின் மற்றதன் சில்லில் உட்காராது. பழைய சாமான் வாங்குகிறவர்கள் கவனியுங்கள், இரண்டையும் கலந்து விற்கிறவர்கள் உண்டு.

40 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தேன். 311 மில்லிமீற்றர் வரவேண்டும். 318 வந்தது. செயின் நீண்டுவிட்டது என்று சொல்வோமே, உண்மையில் இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு ஊசியும் அது சுழலும் குழலும் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் நூறளவு கண்ணி சேரும்போது செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனிக்கு ஏறும். ஏறினால் கழலும்.

புதுச் செயின் 20 பவுண்ஸ் சொச்சம். போட்டேன். அங்கேதான் முதல் பிழை. சில்லை மாற்றவில்லை.

தேய்ந்த செயின் சும்மா இருக்காது. தான் தேய்ந்த அளவுக்குச் சில்லின் பல்லையும் தேய்த்துவிடும். நேராய் நிற்கவேண்டிய பல்லு சுறாவின் செட்டை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் இரண்டுக்கும் கணக்கு ஒத்துவராது. உறுமிக்கொண்டே ஓடும், பல்லுத் தாண்டும். பழைய செருப்பில் ஒன்றும் புதுச் செருப்பில் ஒன்றும் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி. இது எனக்குத் தெரியாததா? தெரியும். 1997 இல் உரும்பிராயில் ஒரு சைக்கிள் கடையில் பின்னேரங்களில் கைவேலைக்கு நின்றவன் நான். 24 கண்ணி 12 அங்குலம், அடிமட்டத்தை வைத்துப் பார், எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூட வந்தால் பல்லுச் சில்லும் போச்சு என்று கடைக்கார அண்ணை சொல்லித் தந்தவர். தெரிந்துகொண்டே காசைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு செயின் திரும்பக் கழண்டது.

இந்த முறை பக்கத்தில் பேரனுக்கு மெக்கானிக்காக வந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எட்டிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் லொறி ஓடினவராம். சில்லை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு எஞ்சினுக்குக் கீழே விரலைக் காட்டினார். எஞ்சின் சட்டத்தில் இரண்டு கவ்விகளால்தான் பிடித்திருக்கிறது. செயினை இறுக்க வேண்டுமென்றால் கவ்வியைத் தளர்த்தி எஞ்சினை முன்னுக்குத் தள்ளி, திரும்ப இறுக்கவேண்டும். சரியாய் இறுக்காவிட்டால் அதிர்வில் அது மெல்ல மெல்லப் பின்னுக்கு வரும். செயின் தொய்யும். 'கோடு போட்டு வை, அசைந்தால் கோடு சொல்லும்' என்றார்.

கோடு போட என்னிடம் ஒன்றுமில்லை. வீட்டில் மனிசியின் நகப்பூச்சு இருந்தது. நல்ல சிவப்பு. கவ்வியிலும் சட்டத்திலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தேன். நாலு ஆணித் தலையிலும் ஒவ்வொரு கோடு.

அந்தக் கிழமையே புதுப் பல்லுச் சில்லும் வாங்கினேன். இரண்டாகப் பிளந்து பூட்டுகிற சில்லு விற்கிறார்கள். அச்சைக் கழட்டாமலே மாற்றலாம். நான் வாங்கினது ஒற்றைத் துண்டு, விலை குறைவு. அதைப் போட வேண்டுமென்றால் ஒரு பக்க ரயரைக் கழட்டி, பெயாரிங்குகளில் அச்சைப் பிடித்திருக்கிற குட்டி அலன் ஆணிகளைத் தளர்த்தி, அச்சையே இழுத்தெடுக்க வேண்டும். திங்கட்கிழமை என் ஓய்வுநாள். ஷெட்டுக்குள் இருந்து செய்து முடிக்கிற நேரத்தில் உணவகத்திலிருந்து போன். ஒருத்தனுக்குக் காய்ச்சல், உடனே வா. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

மிச்சத்தை இரவு வந்து செய்தேன். நேரான ஒரு அலுமினியச் சட்டத்தைப் பெரிய சில்லின் முகத்தில் வைத்து முன் சில்லோடு நேர் பார்த்தேன். மயிரிழை விலகல் இல்லை. செயினின் நடுவில் அழுத்தினால் ஒரு விரல் மொத்தம் தொய்வு. அதுவும் சரி. அச்சைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எந்த இடத்திலும் செயின் விறைக்கவில்லை என்றும் பார்த்தேன். அச்சு வளைந்திருந்தால் ஒரு இடத்தில் விறைத்து மறு இடத்தில் தொய்யும். எல்லாம் திறம்.

மூன்றாவது ஞாயிறு. அதே வலப்பக்க வளைவு. இந்த முறை செயின் கழண்டு வெளியே விழவில்லை. சில்லுக்கும் கவருக்கும் இடையில் சிக்கி இறுகிவிட்டது. பின் ரயர் இரண்டும் அப்படியே பூட்டிக்கொள்ள, கார்ட் பம்பரம் மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றிப் புல்லுக்குள் போய் நின்றது. பின்னால் வந்த பிள்ளை ஒரு முழ இடைவெளியில் விலத்திக்கொண்டு போனது. மஞ்சள் கொடி காட்டினார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் கால் எனக்கு இல்லை.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெற்றைக் கழட்டிக்கொண்டு வந்தான்.

எனக்குப் பயம். பயந்த தகப்பன் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். நான் முதலில் பார்த்தது நகப்பூச்சுக் கோட்டை. ஒன்றும் அசையவில்லை. எஞ்சின் நின்ற இடத்தில் நிற்கிறது. செயின் புதிது. சில்லு புதிது. நேர் பார்த்தது நான். அப்படியென்றால் மிச்சம் யார்? அந்த வளைவின் உள்பக்கத்தில் சிவப்பு வெள்ளையில் ஒரு ஓரமேடு இருக்கிறது. அதில் ஏற்றி அடித்தால் செயின் துள்ளும்.

"நீ மேட்டிலை ஏத்தினனி."

"இல்லை அப்பா. நான் தொடவே இல்லை."

"பொய் சொல்லாதை. தொடாமல் செயின் போகாது."

"பிரேக் சில நேரம் ஆழமாப் போகுது அப்பா. ரெண்டு தரம் மிதிக்க வேண்டிக்கிடக்கு."

"கதையை மாத்தாதை."

அவன் பேசாமல் போய் வானுக்குள் ஏறி இருந்தான். உணவகத்து வான், வெங்காய மணம். திரும்பி வரும்வரை கதைக்கவில்லை. வீட்டுக்குக் கிட்ட வந்தபிறகு, "எனக்கு இனிக் கார்ட் வேண்டாம், வித்துப்போடுங்கோ" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

1993. எனக்கு 12 வயது. நானும் அப்பாவும் வெங்காய மூட்டையோடு பலாலி றோட்டால் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறோம். பாரில் மூட்டை, கரியரில் நான், என் மடியில் இன்னொரு சின்ன மூட்டை. கோண்டாவில் தாண்டுமுன் மூன்று தரம் செயின் கழண்டது. மூன்றாம் தரம் அப்பா சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் முதுகில் ஒரு அடி போட்டார். "ஆடாமல் இரு எண்டு எத்தினை தரம் சொல்லுறது." நான் ஆடவில்லை. மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது? றோட்டில் போனவர்கள் பார்த்தார்கள். அதுதான் அடியைவிட நொந்தது.

நாலு வருடம் கழித்துச் சைக்கிள் கடையில்தான் காரணம் விளங்கியது. பாரம் கூடினால், பின் சில்லின் நட் சரியாய் இறுகாத சைக்கிளில், மிதிக்கிற பக்கத்தால் சில்லு முன்னுக்கு இழுபட்டுச் சரிந்துவிடும். செயின் தொய்ந்து கோணலாகும், கழலும். கரியரில் இருக்கிறவன் சிலை மாதிரி இருந்தாலும் கழலும். அப்பாவுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். பிறகு கம்பஸ் கிடைத்துப் பௌதிகம் படிக்கப் போனேன். மூன்றாம் வருடத்தில், 2006 இல், பாதை பூட்டினதோடு படிப்பும் பூட்டுப்பட்டது. அடுத்த வருடம் இங்கே வந்தேன். 2011 இல் அப்பா போய்விட்டார். எனக்கு அப்போது விசா முடிவாகவில்லை, போக முடியவில்லை. கிழமைக்கொருதரம் போனில் கதைத்த ஆள்தான். நட் விசயத்தைக் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பார், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு இரவு நித்திரை வரவில்லை. பிரேக் ஆழமாய்ப் போகிறது என்றானே, அது காதுக்குள் நின்றது. பத்து வயதுப் பிள்ளை பொய் சொல்லுவதென்றால் மேட்டைப் பற்றிச் சொல்லும், பிரேக்கைப் பற்றி ஏன் சொல்லும்?

ஒரு மணிக்கு எழும்பி ஷெட்டுக்குப் போனேன். பிளக் தொப்பியைக் கழட்டினேன். இது குசினிப் பழக்கம். இறைச்சி வெட்டுகிற மிசினைக் கழுவ முதல் வயரைப் பிடுங்கு. செயினும் அதே சாதிதான். எஞ்சின் ஓடும்போது செயினில் துணி வைத்துத் துடைக்கப் போய் விரல் கொடுத்தவர்கள் உண்டு.

செயினின் உள்பக்கத் தகடுகளைப் பார்த்தேன். ஒரு பக்கம் நிலைக்கண்ணாடி மாதிரி மினுங்கியது. இரண்டு ஞாயிறு ஓடாத செயின் ஒரு பக்கம் மட்டும் இப்படித் தேய்ந்தால், அது கோணலாய் ஓடியிருக்கிறது. ஆனால் சட்டத்தை வைத்துப் பார்த்தால் இப்போதும் நேர். நிற்கும்போது நேர், ஓடும்போது கோணல். எப்படி?

பின் ரயரை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் பலமாய்த் தள்ளினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மற்றப் பக்கம் தள்ளினேன். திரும்ப 'டக்'. அச்சு ஐந்து மில்லிமீற்றர் இடமும் வலமும் போய் வருகிறது.

குட்டி அலன் ஆணிகள். அந்தத் திங்கட்கிழமை போன் வந்தபோது ஒரு பெயாரிங்கின் ஆணிகளை இறுக்கி முடித்திருந்தேன். மற்றதைத் தொடவே இல்லை. இரவு வந்தபோது எல்லாம் முடிந்தது என்ற நினைப்பில் நேர் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இறுக்கின பக்கத்துக்கும் ஆணிப்பசை போடவில்லை. அதிர்வில் அதுவும் தளர்ந்திருந்தது. வலப்பக்க வளைவில் ரயர்கள் அச்சை ஒரு பக்கம் தள்ள, அச்சோடு சில்லும் நகர்ந்து செயினைக் கோணலாக்கியது. நேர்ப்பாதைக்கு வந்தபிறகு செயினே அதைத் திரும்ப நடுவுக்கு இழுத்தது. அதனால்தான் நிறுத்திவைத்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை.

பிரேக்கும் அதுதான். தட்டும் அதே அச்சில் பூட்டியிருக்கிறது. அச்சு நகரும்போது தட்டு கட்டைகளைத் தள்ளி விலத்திவிடும். அடுத்த தரம் மிதிக்கும்போது பெடல் ஆழமாய்ப் போகும், இரண்டாம் மிதிக்குத்தான் பிடிக்கும். பிள்ளை சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. பிரேக் பிடிக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு வர, அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன்.

காலையில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் தகப்பன்மார் மன்னிப்புக் கேட்ட வழக்கம் இல்லை. வசனம் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை.

"தம்பி, பிழை உன்ரை இல்லை. நான் ஆணி இறுக்கேல்லை. நீ உண்மை சொன்னனி. நான்தான் பொய் எண்டனான்."

அவன் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இற்ஸ் ஓகே அப்பா" என்றான். பிறகு, "அப்ப பிரேக்கும் அதாலையா?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தானே ரயரைத் தள்ளி 'டக்' கேட்டான். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனான்.

இப்போது எங்களிடம் ஒரு ஒழுங்கு இருக்கிறது. யாராவது பிள்ளைக்குக் கார்ட் வாங்க யோசித்தால் உதவும் என்பதால் எழுதுகிறேன். செயின் கழண்டால் முதலில் அளந்து பாருங்கள், தேய்ந்திருந்தால் சில்லையும் சேர்த்து மாற்றுங்கள். தகட்டில் ஒரு பக்கத் தேய்மானம் இருந்தால் நேர் பார்க்கவேண்டும், நேர் பார்க்க முதல் அச்சைத் தள்ளிப் பார்க்கவேண்டும். கிளச்சின் சில்லையும் விரலால் ஆட்டிப் பாருங்கள், உள்ளுக்குள் தேய்ந்திருந்தால் அதுவும் ஆடிச் செயினைத் தள்ளும். செயினைக் கிளிப்பால் பூட்டினால் கிளிப்பின் மூடின பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்கவேண்டும். ஒயில் அடிப்பது ஓடி முடிந்தவுடன், செயின் சூடாய் இருக்கும்போது, எஞ்சினை நிறுத்திவிட்டு. அளவுக்கு மிஞ்சின இறுக்கமும் கூடாது, பெயாரிங் சூடாகும், வேகமும் குறையும். இத்தனையும் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் முதல், ஓடுகிற பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். வண்டிக்குள் இருப்பது அதுதான், நாங்கள் வேலிக்கு வெளியே நிற்கிறவர்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் ரயரைத் தள்ளிப் பார்க்கிறது சின்னவனின் வேலை. பெயாரிங் ஓரத்தில் அச்சைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறோம், அதையும் அவன்தான் பார்ப்பான். சரி என்று அவன் சொன்னால்தான் நான் எஞ்சினை இழுப்பேன். போன ஞாயிறு கடைசிக்கு முதல் ஆளாய் வந்தான். செயின் கழலவில்லை. இரண்டுபேருக்கும் பெரிய சந்தோசம்.

மனிசி அந்தச் சிவப்பு நகப்பூச்சை இன்னும் தேடுகிறா. அவ இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்கள் யாரும் சொல்லிப்போடாதேங்கோ.